பேச்சு அவங்களுது, தரை யாருது?

"பொம்பளைங்க நாலு பேரு சேர்ந்தா வம்புதான்" என்று சொல்லாத ஊர் நம்மிடம் இல்லை. அதிலும் சேரிப் பெண்களின் பேச்சென்றால் அதற்குத் தனிப் பெயர்களே உண்டு. கொச்சை என்பார்கள், வாயாடித்தனம் என்பார்கள். இலக்கணம் கற்ற பெரியவர்கள் ஒருபடி மேலே போய் 'இழிசனர் வழக்கு' என்று ஏட்டிலேயே எழுதி வைத்தார்கள். இப்படி ஒதுக்கப்பட்ட பேச்சுக்குள் தொழில்நுட்பம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த திறன் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்குள் இருந்துகொண்டே ஒருவர் வாதாடினால், அதை நாம் வாசிக்காமல் விடக்கூடாது. அவர் எழுதியிருப்பது நம் பெண்களைப் பற்றியல்ல, அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைப் பற்றி. பெயர் கேதரின் நைட் ஸ்டீல். தகவல்தொடர்பியல் பேராசிரியர். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே அவர் எழுதிய 'டிஜிட்டல் பிளாக் ஃபெமினிசம்' என்ற நூலை 2021இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது.

இந்த நூலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. சண்டை போட வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

சாதாரணமா என்ன சொல்லுவாங்க? கம்ப்யூட்டர் வந்துச்சு, இணையம் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் கறுப்பினப் பெண்களுக்குக் குரல் கெடைச்சுதுன்னு சொல்லுவாங்க. யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் செய்த புண்ணியம் மாதிரி. ஸ்டீல் இந்தக் கதையைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறார். ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே கறுப்பினப் பெண்களுக்கும் தொழில்நுட்பத்துக்குமான உறவு தொடங்கிவிட்டது என்கிறார். அடிமைக் காலத்து உழைப்பிலிருந்து அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பினப் பெண்கள் எழுதிய கடிதங்கள், பத்திரிகைச் செய்திகள், கட்டுரைகள் வழியாக வந்து, இன்றைய இணைய எழுத்துவரை ஒரே கோடாக இழுக்கிறார். இந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ள அவர் எடுத்த உருவகம் பார்லர். கறுப்பினப் பெண்கள் முடி பின்னிக்கொள்ளவும் நீட்டிக்கொள்ளவும் போகிற கடை.

இதற்கு முன்னால் 2016இல் அவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் உருவகம் வேறாக இருந்தது. 'டிஜிட்டல் பார்பர்ஷாப்' என்று அதற்குத் தலைப்பு. கறுப்பின மக்களின் வாய்மொழிப் பண்பாடு இணைய எழுத்துக்குள் எப்படித் தொடர்கிறது என்று பேசியது அது. ஐந்து வருடம் கழித்து வந்த நூலில் ஆண்கள் உட்காரும் முடிவெட்டும் கடை போய்ப் பெண்கள் உட்காரும் பார்லர் வந்துவிட்டது. சும்மா பேர் மாத்துற வேலை இல்ல இது. ஒரு சமூகத்தின் 'பொதுவெளி' என்று யாருடைய பேச்சை எடுத்துக்கொள்கிறோம் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. விடுதலை இயக்கங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மேடையை எழுதுவார்கள், டீக்கடையை எழுதுவார்கள். பெண்கள் கூடுகிற இடம் அவர்கள் கண்ணிலேயே படாது.

பார்லருக்குள் மூன்று திறன்கள் சேர்ந்து நடக்கின்றன என்று ஸ்டீல் காட்டுகிறார். கை வேலை ஒன்று, பேச்சு ஒன்று, பிழைப்பு நடத்துகிற வியாபார அறிவு ஒன்று. ஒரு தலையைப் பின்னி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். அத்தனை நேரமும் பேச்சு ஓடும். புருஷன் பேச்சு, கூலிப் பேச்சு, போலீஸ் பேச்சு எல்லாம் வரும். அதுலதான் அரசியலும் வரும். 1917இல் பிலடெல்பியாவில் மேடம் சி.ஜே. வாக்கர் தன் கூந்தல் பொருள்களை விற்கும் பெண்களைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார். வாக்கர், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர். அந்த வருடம்தான் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பின மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். எண்ணெயும் சீப்பும் விற்கிற அந்தப் பெண்கள், குடியரசுத் தலைவர் வில்சனுக்குக் கண்டனத் தந்தி அனுப்பிவிட்டுத்தான் கலைந்தார்கள்.

பேச்சு ஒரு தொழில்நுட்பம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். 2014இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த வருடம் ஜூன் மாதம் ட்விட்டரில் 'தந்தையர் தினத்தை ஒழிப்போம்' என்று ஒரு ஹேஷ்டேக் ஓடியது. எழுதியவர்கள் எல்லாம் கறுப்பினப் பெண்ணியவாதிகள் மாதிரிப் பேரும் படமும் வைத்திருந்தார்கள். ஷஃபீகா ஹட்சன் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அதைப் படித்ததும் சந்தேகம் தட்டியது. கறுப்பினத்தார் பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகாத யாரோ அதைப் போலிசெய்து எழுதியிருந்தார்கள். சொல் இருந்தது, சொல்லுகிற விதம் இல்லை. "உன் உள்பாவாடை வெளியே தெரியுது" என்று பொருள்படும் ஒரு ஹேஷ்டேக்கை அவர் தொடங்கினார். ஐனாசா குரோக்கெட்டும் இன்னும் பல பெண்களும் கூடச் சேர்ந்து, போலிக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வரிசையாக வெளியிட்டார்கள். கறுப்பினப் பெண்களைக் கேலிப்பொருளாக்கி அவர்களுக்குள்ளேயே சண்டை மூட்டிவிட வேறு ஓர் இணையக் கூடாரத்தில் உட்கார்ந்து சிலர் போட்ட திட்டம் என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

இதைக் கண்டுபிடித்தது எந்த மென்பொருள்? எந்த ஆய்வகம்? ஒண்ணும் கெடையாது. காதுதான். தன் சனங்க பேச்சக் கேட்டுப் பழகின காது. நான்கு வருடம் கழித்து, 2018 டிசம்பரில், அமெரிக்க செனட் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட அறிக்கைகள் 2016 தேர்தல் காலத்தில் ரஷ்ய நிறுவனம் ஒன்று கறுப்பினத்தார் போல வேடமிட்டு இணையத்தில் இயங்கியதை விரிவாகப் பேசியபோது, உலகமே வியந்துபோனது. அந்த வித்தையை 2014லேயே பிடித்துக் காட்டியவர்களை நிறுவனமும் கண்டுகொள்ளவில்லை, அரசும் கண்டுகொள்ளவில்லை. அந்த வேலைக்காக ஹட்சனுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அவர் இறந்தபிறகுதான் பெரிய பத்திரிகைகள் அவரை முன்னோடி என்று எழுதின. நம்ம ஆளுங்களுக்கு இது புது அனுபவமா என்ன?

ஸ்டீல் தருகிற பார்வையின் பலம் இங்கேதான் தெரிகிறது. ஹட்சன் செய்ததை 'உணர்ச்சிவசப்பட்ட எதிர்ப்பு' என்று ஒதுக்காமல் அறிவு என்று பெயர் சொல்ல அது வழி கொடுக்கிறது.

ஒரு தலித் வாசகியாக இதையெல்லாம் நான் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்கலாம். இந்த உறவு பழசு. 1946இல் டூபாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குச் 'சிறுத்தைகள்' என்று பெயர் வைத்தது அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து. 2015இல் தலித் பெண்கள் முன்னின்று தொடங்கிய தலித் வரலாற்று மாதம் கறுப்பின வரலாற்று மாதத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அது வளர்ந்த இடமும் பெரும்பாலும் இணையம்தான்.

ஆனால் உறவு இருக்கிறது என்பதற்காக உருவகத்தை அப்படியே இறக்குமதி செய்துவிடக் கூடாது. பார்லர் என்றதும் கறுப்பினப் பெண்ணுக்கு ஞாபகம் வருவது தன் சனங்க நடுவில் கால் நீட்டி உட்கார்ந்த ஓர் இடம். முடிவெட்டும் கடை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது வாசலிலேயே நிறுத்தப்பட்டது. "ஒங்க தெரு ஆளுங்களுக்கு இங்க வெட்ட மாட்டோம்" என்று சொல்லும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அப்படிச் சொல்ல வைக்கப்படுகிற முடிதிருத்தும் தொழிலாளியும் சாதியால் இழிவுபடுத்தப்பட்டவர்தான். ஊர்ப் பெரிய சாதிக்காரர்களின் மிரட்டலுக்கு நடுவில் நிற்கிறவர் அவர். ஆக, முடியைச் சுற்றி ஒரு சமூகம் கூடுகிறதா உடைகிறதா என்பது அந்த மண்ணில் ஒடுக்குமுறை வேலை செய்கிற விதத்தைப் பொறுத்தது. அங்கே நிறவெறி, கறுப்பினத்தாரைத் தனிக் கடை வைத்துக்கொள்ளத் தள்ளியது. இங்கே சாதி, தொழிலையே சாதியாக்கி வைத்திருக்கிறது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

பார்லர் என்ற உருவகத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தக் கடை யாருடையது? இதற்கு வரலாற்றில் அருமையான ஓர் உதாரணம் இருக்கிறது. தென் கரோலினா மாநிலத்தில் 1740இல் ஒரு சட்டம் போட்டார்கள். அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுன் அபராதம். அடிமை முறை ஒழிந்த பிறகும் அதே மாநிலம், ஓட்டுரிமை வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தை வாசித்துக் காட்டு என்றது. முதலில் படிக்க விடவில்லை, பிறகு படிக்கத் தெரியவில்லை என்று ஓட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் பெரியவர்களுக்கான குடியுரிமைப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதன் முதல் ஆசிரியை பெர்னீஸ் ராபின்சன். தொழில், சார்ல்ஸ்டன் நகரில் முடி அலங்காரம்.

பயிற்சி பெற்ற ஆசிரியைகளை விட்டுவிட்டு முடி அலங்காரம் செய்கிற பெண்ணை ஏன் தேடிப் பிடித்தார்கள்? அவருக்குப் படியளந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். அவரை வேலையைவிட்டுத் தூக்க எந்த வெள்ளைக்காரனாலும் முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ராபின்சனின் உறவினரான செப்டிமா கிளார்க் நாற்பது வருடம் ஆசிரியையாக இருந்தவர். என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பினத்தார் உரிமை அமைப்பில் அரசு ஊழியர்கள் இருக்கக் கூடாது என்று 1956இல் தென் கரோலினா சட்டம் போட்டது. விலக மாட்டேன் என்றார் கிளார்க். வேலை போனது, ஓய்வூதியமும் போனது.

வகுப்பு நடத்த ஜான்ஸ் தீவில் இடம் கேட்டபோது பள்ளிக்கூடமும் தேவாலயமும் பயந்து பின்வாங்கின. அந்தத் தீவு மக்களே சங்கமாகச் சேர்ந்து, ஹைலேண்டர் பள்ளியிடம் வட்டியில்லாக் கடன் வாங்கி, பழைய கட்டடம் ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். முன்னால் கூட்டுறவு மளிகைக்கடை, பின்னால் வகுப்பறை. பார்க்கிற வெள்ளைக்காரனுக்கு மளிகைக்கடை மட்டும்தான் தெரியும். ராபின்சன் முதலில் சின்னப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைக் கொண்டுபோனார். வயசானவங்களுக்கு இது ஆகாதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. தூக்கி வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். பேரை எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், ஓட்டுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது.

கை வேலை, பேச்சு, வியாபாரம் என்று ஸ்டீல் சொல்கிற மூன்றும் ராபின்சனிடம் இருந்தன. நான்காவதாக ஒன்றும் இருந்தது. காலுக்கு அடியில் தன் சனங்களின் தரை இருந்தது. மற்ற மூன்றுக்கும் பலம் கொடுத்தது அந்தத் தரை.

இணையத்தில் அந்தத் தரை இல்லை. பின்னுவது கறுப்பினப் பெண், பேசுவது கறுப்பினப் பெண், கூட்டத்தைக் கூட்டுவது கறுப்பினப் பெண். கட்டடம் வேறொருவனுடையது. அவளுடைய பேச்சுக்கு நடுவே விளம்பரத்தை வைத்து விற்றவர்கள் வேறு ஆட்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது, அந்த இடத்துக்கு உயிர் கொடுத்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2023இல் அந்நிறுவனம் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த தரவு வழியையும் அடைத்தது. பேசினவங்களுக்கும் தரை இல்ல, அதைப் படிச்சு எழுதினவங்களுக்கும் இல்ல.

ஸ்டீல் இந்தப் பணக் கணக்கைத் தெரியாதவர் அல்லர். டிஜிட்டல் கறுப்புப் பெண்ணியம் சந்தைச் சரக்காவதைப் பற்றி நூலில் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். என் சண்டை உருவகத்தோடு. பார்லர் என்று சொன்ன உடனேயே, அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது என்ற ஓர் எண்ணம் வாசகருக்குள் ஓசையில்லாமல் நுழைந்துவிடுகிறது. குத்தகைக்காரியை முதலாளியாகக் காட்டிவிடுகிற ஆபத்து அதில் இருக்கிறது. மெம்பிஸ் நகரில் ஐடா பி. வெல்ஸ், தான் பங்குதாரராக இருந்த 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையில் கும்பல் கொலைகளை எதிர்த்து எழுதியதற்காக 1892இல் அந்த அலுவலகத்தை ஒரு கும்பல் நொறுக்கியது. அதற்குக்கூட ஆள் திரட்டி, நேரில் வந்து உடைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு கணக்கை முடக்க எவனும் எழுந்து வர வேண்டாம். அவ்வளவு நடந்தபிறகும் நியூயார்க், புரூக்ளின் கறுப்பினப் பெண்கள் காசு திரட்டிக் கொடுத்தார்கள். வெல்ஸின் துண்டு நூல் அதே வருடம் வெளிவந்தது.

அடுத்தது வகுப்பறை. 1987இல் அமெரிக்காவில் தட்டச்சுப் பழகித் தரும் மென்பொருள் ஒன்று வந்தது. அதில் ஆசிரியை ஒரு கறுப்பினப் பெண், பெயர் மேவிஸ் பீக்கன். லட்சக்கணக்கான பிள்ளைகள் அவளிடம் டைப் அடிக்கப் பழகினார்கள். அப்படி ஓர் ஆசிரியை உலகத்திலேயே இல்லை. அட்டையில் இருந்தது ஹைட்டியில் பிறந்த ஒரு விற்பனைப் பெண்ணின் முகம். முகத்துக்கு ஒருமுறை கொடுத்த சொற்பத் தொகை, அவ்வளவுதான். லாபம் கம்பெனிக்கு. ஸ்டீல் தன் நூலின் ஓர் அத்தியாயத் தலைப்பில் இந்த மென்பொருளின் பெயரை வைத்திருப்பது சாதாரணம் இல்லை. கற்றுக்கொடுக்கிறவளாகக் கறுப்பினப் பெண்ணின் முகம் வேண்டும், அவள் பேர் வேண்டாம், அவள் பங்கு வேண்டாம். இதுதான் அதற்குள் இருக்கும் கதை.

பல்கலைக்கழகமும் இதையே செய்யலாம். இணையத்தில் ஒரு பெண் ராத்திரி வேலை முடித்து வந்து எழுதியதை ஆய்வாளர் 'தரவு' என்று எடுத்துக்கொண்டு போனால், அவருக்கு முனைவர் பட்டம், எழுதியவளுக்கு வசவு. "பொதுவில் கிடந்ததுதானே" என்பார்கள். சேரிப் பாட்டி பாடிய ஒப்பாரியை நாட்டார் வழக்காறு என்று பதிவுசெய்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். மோயா பெய்லி என்ற இன்னொரு தகவல்தொடர்பியல் பேராசிரியர், கறுப்பினப் பெண்கள்மேல் மட்டும் பாய்கிற வெறுப்புக்கு 'மிஸோஜினுவார்' என்று ஒரு சொல்லை உருவாக்கி 2010இல் எழுதினார். ட்ரூடி என்ற பெயரில் இணையத்தில் எழுதிவந்த பெண் அதை விரித்து வளர்த்தார். சொல் உலகமெல்லாம் போனது, இவர்கள் பேர் பல இடங்களில் உதிர்ந்துபோனது. 2018இல் இருவரும் சேர்ந்து, அந்தத் திருட்டையும் அழிப்பையும் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். பேராசிரியரும் வெளியே இருந்து எழுதுகிறவரும் ஒரே தலைப்பின் கீழ் சமமாகக் கையெழுத்திட்டதைக் கவனியுங்கள்.

ஸ்டீல் இந்த விஷயத்தில் அக்கறையோடுதான் நடந்திருக்கிறார். மேரிலாண்டில் கறுப்பின வரலாறு, பண்பாடு, டிஜிட்டல் ஆய்வு மூன்றையும் இணைத்த பயிற்சித் திட்டம் ஒன்றுக்கு முதல் இயக்குநராக இருந்தார். கருவியை முன்னால் வைக்காமல் ஆட்களை முன்னால் வைத்து அப்படியொரு திட்டத்தைக் கட்டுவது எப்படி என்று, கூட வேலைசெய்த ஜெசிகா லூ, கெவின் வின்ஸ்டெட் இருவரோடும் சேர்ந்து 2023இல் ஒரு கையேடும் எழுதினார். ஆனால் அந்தத் திட்டம் நடந்தது மெலன் அறக்கட்டளைப் பணத்தில், பல்கலைக்கழகக் கட்டடத்தில். அந்தத் தரையும் கடன் தரைதான். அதே 2023 ஜனவரியில், ஃபுளோரிடா மாநிலம் பள்ளி மாணவர்களுக்கான கறுப்பின ஆய்வுப் பாடத்தையே வேண்டாம் என்று தள்ளியது. செப்டிமா கிளார்க்கை வெளியே அனுப்பிய கை இன்னும் ஓயவில்லை.

1980இல் ஆட்ரி லார்டும் பார்பரா ஸ்மித்தும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து சொந்தமாக ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். பெயர் 'கிச்சன் டேபிள்'. அடுப்படி மேசை. வெள்ளைப் பெண்ணியப் பதிப்பகங்கள் கதவைத் திறக்கும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. அவர்களிடம் முதல் கிடையாது. ஆனாலும் எதை அச்சிடுவது, எதை விடுவது என்பது அவர்கள் கையில் இருந்தது.

ஸ்டீலின் நூலை வாசிக்கிற மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெண்களின் பேச்சு அறிவு என்று அவர் நிறுவியதை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்களே ஆய்வு செய்யப் போகும்போது, தலித் பெண்கள் இணையத்தில் எழுதுவதை எடுத்து ஆளும்போது, யார் சொன்னது என்று பேர் போட்டு எழுதுங்கள். பேர் போட்டால் அவளுக்கு ஆபத்து என்றால் அவளிடமே கேட்டு முடிவு பண்ணுங்கள். எழுதி முடித்ததை முதலில் அவள் கையில் கொடுங்கள். கூடவே இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: நம் பேச்சு இன்று எத்தனை இடத்தில் நடக்கிறது, அதில் வாடகை இல்லாமல் நாம் நிற்கிற இடம் எத்தனை? சந்தா பாக்கி, காகித விலை, அச்சகக் கடன் என்று மூச்சு முட்ட நடக்கிற நம் சிறுபத்திரிகைகள் அந்தக் கணக்கில் வரும். ஜான்ஸ் தீவின் மளிகைக்கடைக்குப் பின்னால் இருந்த அறைகளும் இப்படிக் கடன்பட்டு எழுப்பியவைதான்.